‘அம்மா’வைப் படிக்குமா வேர்ட்?

கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் என்று வளரும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியாவும் இருந்தால் ஒரு பக்கம் படிப்பதே மலை ஏறுவதுபோல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பிள்ளைக்கு மைக்ரோசாஃப்ட் வேர்ட் எவ்வளவு கைகொடுக்கும்?

நிறையவே. ‘வியூ’ பட்டியலில் உள்ள ‘இம்மெர்சிவ் ரீடர்’தான் இதில் முதல் மதிப்பெண் பெறுகிறது. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூடும், பக்கத்தின் நிறம் மாறும். ‘லைன் ஃபோகஸ்’ போட்டால் ஒன்று, மூன்று அல்லது ஐந்து வரிகள் மட்டும் தெளிவாக நிற்கும், மற்றவை மங்கிவிடும். வரி தாவித் தொலைந்துபோகிற கண்ணுக்கு இது விரல் வைத்துப் படிப்பதற்குச் சமம். கூடவே ‘ரீட் அலவுட்’ சொல் சொல்லாக நிறம் காட்டி வாசிக்கிறது. பார்த்தால் குழம்பும் சொல் கேட்டால் பிடிபட்டுவிடும்.

சிக்கல் கோப்பில்தான். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பாடத்தைத் திறந்தால் திரையில் ‘அம்மா’ என்றே தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கணினி அதைத்தான் வாசிக்கும்! ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றாமல் அந்தக் கோப்பைப் பிள்ளையிடம் கொடுப்பதில் பயனில்லை. பத்தியின் மொழி தமிழா, கன்னடமா என்று குறித்துவைப்பதும் அவசியம்.

எழுதத் திணறும் பிள்ளைக்கு கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு நல்ல துணை. தமிழையும் கன்னடத்தையும் புரிந்துகொள்ளும், இணையம் மட்டும் வேண்டும். ஆனால் ‘முற்றுப்புள்ளி’ என்று தமிழில் சொல்லி அதை வைக்க முடியாது, கையால்தான் போட வேண்டும். பிள்ளையின் கதை ஒரே நீள வரியாக விழும். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாக்கியங்களாகப் பிரிக்க உதவலாம். கதை பிள்ளையுடையதாகவே இருக்கும்.

பார்வையற்ற மாணவருக்கு வேர்டோடு என்விடிஏ சேர வேண்டும். இலவசத் திரைவாசிப்பான் இது, தமிழும் கன்னடமும் பேசும். வாசிப்பு நிலையில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். ஆசிரியர் ‘ஹெடிங் 1’ பாணியைத் தேர்ந்திருந்தால்தான் அது நடக்கும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி மட்டும் விட்டிருந்தால், அந்த மாணவருக்கு நாற்பது பக்கப் பாடமும் ஒரே பத்திதான்.