ரெண்டு ரோதையில் றொசல்லைக்கு

சொன்னால் சிரிப்பீர்கள். இருபது வருடமாக வாந்தி எடுத்துக்கொண்டு போன ரோட்டில், போன மாசி மாதம் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் ஏ-7 வீதியைத்தான் சொல்கிறேன். எங்கள் றொசல்ல அதே வீதியில், வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து பஸ்ஸேறுகிற தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த ரோட்டைத் தெரியும் என்று நினைப்பு. எங்கே தெரியும்? கித்துல்கல தாண்டினதும் கண்ணை இறுக்கி மூடி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, மடியில் சொப்பிங் பேக்கைப் பிடித்துக்கொண்டு "எப்போடா ஹட்டன் வரும்" என்று கிடப்போம். சொந்த ஊருக்குப் போகிற வழியைக் கண் திறந்து பார்க்க எனக்கு ஒரு பழைய கியர் சைக்கிள் வேண்டியிருந்தது.

அவிசாவளையில் கூட்டாளி அறையில் படுத்து, விடிய ஐந்தரைக்குக் கிளம்பினேன். அங்கிருந்து றொசல்லைக்கு 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் கணக்கு தூரத்தில் இல்லை. களனி கங்கைக் கரையின் தாழ்ந்த பூமியில் தொடங்கி, ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் போய் முடியவேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், முதல் பாதி முழுக்க ஆறு கூடவே வருகிறது. கரவனெல்ல, எட்டியாந்தோட்டை, கித்துல்கல என்று சைக்கிள் வெண்ணெயாக ஓடும். ரோட்டோரம் ரப்பர் மரங்கள். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வாளியோடு நடக்கிறார்கள். கேட்டால் தமிழ்தான், நம் ஆட்கள்தான். ரப்பர் காட்டு நிழலில் பனி விலகாத நேரத்தில் மிதிக்கிற சுகத்துக்கு நான் என்ன விலையும் கொடுப்பேன்.

கித்துல்கலயில் ஆற்றைப் பார்த்த கடையில் பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும். 1957-இல் வந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்துக்குப் பாலம் கட்டி, ரயிலோடு வெடி வைத்துத் தகர்த்தது இந்த ஊரில்தான். வெள்ளைக்காரர்கள் அந்த இடத்தைத் தேடி வருகிறார்கள், ரப்பர் படகில் ஆற்றில் குதிக்கிறார்கள். போகட்டும். எனக்குக் கருப்பட்டிதான் முக்கியம். அது இல்லாமல் கினிகத்தேனை ஏறமுடியாது.

கினிகத்தேனை ஏற்றத்தை எப்படிச் சொல்ல! முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் ஆகப் பெரியது. அதற்குக் கீழே கியர் இல்லை, இனி கால்தான். மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர். நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவே. முதல் அரை மணி நேரம் என்னை நானே திட்டினேன். அப்புறம் மூச்சும் மிதியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. சேர்ந்ததும் காது திறந்தது. கானில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முடக்குக்கு முடக்கு ஒரு சின்னக் கோயில், ஒரு சூலம், ஒரு கற்பூரக் கறுப்பு. பஸ்ஸில் போகும்போது டிரைவர் ஹோன் அடித்துக் கும்பிட்டுப் போவாரே, அந்தச் சாமி முகங்களை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். தேயிலை ஸ்டோர் ஒன்று பக்கத்தில் வருகிறதென்று கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கொழுந்து வாடுகிற அந்தப் பச்சை வாசம்! ஸ்டோரின் ரோதைக்குக் காவல் ரோதமுனி என்று எங்கள் தாத்தா கும்பிடுவார். என் சைக்கிளுக்கும் ரெண்டு ரோதை இருக்கிறதே என்று நானும் ஒரு கும்பிடு போட்டுவைத்தேன்.

தியகல தாண்டி வட்டவளைக்கு வந்தபோது மதியம். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும், இலங்கையிலேயே அதிகமாக நனைகிற இடங்களில் ஒன்று. தைக்கும் பங்குனிக்கும் இடையில் வந்தால்தான் வெயில் கிடைக்கும். வைகாசியிலிருந்து தென்மேல் பருவக்காற்றில் இந்த ரோட்டில் சைக்கிள் விடுகிறவனுக்குத் துணிச்சல் இல்லை, கிறுக்கு. மாசியிலும் அட்டைகள் லீவு எடுக்கவில்லை. மதகில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். எழும்பும்போது கணுக்காலில் மூன்று.

அங்கேதான் கொழுந்துச் சாக்கோடு ஒரு பெரியம்மா நின்றுவிட்டார்.

"என்னா தம்பி, எங்கருந்து வாறீங்க?"

"அவிசாவளையிலருந்து, பெரியம்மா."

"சைக்கிள்லயா? ஏன் சாமி, பஸ்ஸுக்குக் காசு இல்லையா?"

சும்மா ஆசைக்குத்தான் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. போத்தலில் இருந்த தேத்தண்ணியில் பாதியை மூடியில் ஊற்றித் தந்தார். ரொட்டியில் ஒரு துண்டு, அதன் மேல் கட்டசம்பல். உப்பும் உறைப்பும் நாக்கில் பட்டதும் காலுக்கு உயிர் வந்தது. சைக்கிள்காரர்கள் பக்கெட்டில் அடைத்து விற்கிற எனர்ஜி ஜெல் எதுவும் இதன் கிட்ட வராது. நான் ரெண்டையும் தின்று பார்த்தவன்.

வட்டவளையிலிருந்து றொசல்லை வரை ரயிலும் ரோட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஏறும். 44 அடி போனால் 1 அடி ஏறுகிற மாதிரி வெள்ளைக்காரன் போட்ட ரயில்பாதை அது. 1884-இல் ஹட்டனுக்கு ரயில் வந்தது. ரயில் அந்தச் சரிவு மிஞ்சாமல் மலையைச் சுற்றிச் சுற்றி நோகாமல் ஏறும். ரோட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பதுளைப் பக்கம் போகிற ரயிலின் புட்போர்டில் தொங்கிய பையன்கள் என்னைக் கண்டு விசில் அடித்தார்கள். நானும் எழுந்து நின்று மிதித்தேன், ஒரு நிமிடம் ரயிலோடு சரிக்குச் சரி போனேன் என்றே சொல்லுவேன். அடுத்த முடக்கில் ரயிலைக் காணோம். அந்த ஒரு நிமிடத்துக்காக மறுபடி 1,100 மீட்டர் ஏறச் சொன்னாலும் ஏறுவேன்.

மறுநாள் சும்மா இருக்க முடியவில்லை. வந்த வழியே தியகல வரை இறங்கி நோர்ட்டன்பிரிட்ஜ், அங்கிருந்து காசல்ரீ, டிக்கோயா, ஹட்டன், திரும்ப றொசல்ல. சைக்கிள் வைத்திருக்கிற எவருக்கும் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன், மலைநாட்டில் இதைவிட நல்ல வட்டம் எனக்குத் தெரியாது. தியகல இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு கீச்சிட்டது, ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே இறங்கினேன். கூடுதல் கட்டை கொண்டுபோங்கள். நோர்ட்டனில் அணைக்கட்டு. கெசல்கமு ஓயாவை மறித்துத்தான் 1950-இல் பழைய லக்சபான மின்நிலையம் ஓடத்தொடங்கியது. இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-லேயே கட்டுரை வாசித்தவர். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான்.

அங்கே நிற்கும்போது மனம் கொஞ்சம் கசந்தது, மறைக்கவில்லை. இந்த மின்சாரத்தின் கம்பிகள் எங்கள் லயத்துக்கு மேலால் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நான் குப்பி லாம்பில் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். நேற்று பாதி வழி என்னோடு வந்த களனி கங்கை, இந்த கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் களுகல பக்கம் கூடிப் பிறக்கிற ஆறுதான். அதைப் புத்தகத்தில் படித்து மார்க் வாங்கினேன். காலால் மிதித்து வந்தபோதுதான் தலையில் ஏறியது.

காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றுகிற ரோட்டைப் பற்றி நான் எழுதாமல் விடுவதுதான் மரியாதை. தண்ணீருக்கு மேலே 1878-இல் கட்டின வோர்லி தேவாலயம், எதிரே வெயில் நேரத்தில் சிவனொளிபாதமலையின் கூம்பு. சைக்கிளைப் புல்லில் படுக்கப்போட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யவில்லை.

அந்தியில் லயத்துக்குத் திரும்பினால் வாசலில் பத்துப் பிள்ளைகள். மேட்டிலும் பள்ளத்திலும் வளர்கிற எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு சைக்கிள் விடத் தெரியாது, விடச் சமதரை எங்கே இருக்கிறது? வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களம் ஒன்றுதான். சீட்டை இறக்கிக் கொடுத்தேன். ஒருத்தன் ஏற, நாலு பேர் பின்னால் பிடிக்க, களத்தைச் சுற்றி ஒரே கூச்சல். இருட்டின பிறகும் விடவில்லை. கடைசியாக இறங்கின பொடியன் பெல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டான்:

"மாமா, இது கீழ போறப்ப அவிசாவளைக்கு எத்தனை மணித்தியாலம்?"