மலுங்காவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம்

முகர்மான் என்கிற மர முழவை நான் முதலில் கண்ணால்தான் ரசித்தேன். அரும்பாவூர்ப் பழக்கம் அது. வாகையிலும் வேம்பிலும் ஒரே கட்டையில் சாமி செதுக்குகிற ஊர். கால் வைத்து நிற்கும் அந்த முழவை குஜராத்தின் சித்திக் கலைஞர்கள் நின்றபடி அறையும்போது, மரத்துக்குள் இத்தனை ஆழமா என்று தோன்றும்.

சித்தி மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் பல நூற்றாண்டுகளில் வந்தவர்கள். பரூச் மாவட்டத்து ரத்தன்பூரில் அடங்கியிருக்கும் பாவா கோர் அவர்களுடைய அவுலியா, அதாவது இறைநேசர். முதன்முதலில் பாங்கு சொன்ன பிலாலைத் தங்கள் மூத்தவராகப் போற்றுகிறார்கள். தர்காவில் நடக்கும் தமால் என்கிற ஆட்டபாட்டத்தில் தாளம் ஆப்பிரிக்காவுடையது, திக்ரு என்கிற இறைத்துதி அரபு வழி வந்தது. பாட்டில் உருதுவுக்கும் குஜராத்திக்கும் நடுவே சுவாஹிலிச் சொற்கள் தலைகாட்டும். நாகூரில் பக்கிர்ஷாக்களின் தாயிராப் பறையைக் கேட்ட காதுக்கு அந்தத் திக்ரு அந்நியமில்லை. அடியில் ஓடும் தாளம்தான் புதிது. இந்தக் கடல்வழியில் இசை பிற்காலத்திலும் வந்திருக்கிறது: சான்சிபாரின் தாரப் இசைப் பாடகி சீத்தி பிந்த் சாத் 1928-இல் பம்பாய்க்கு வந்துதான் இசைத்தட்டு பதித்தார்.

2000களிலிருந்து ‘சித்தி கோமா’ என்ற பெயரில் இந்தத் தமால் வெளிநாட்டு மேடைகளுக்கும் போகிறது. மயிலிறகு உடை, வண்ணம் தீட்டிய முகம், மேலே எறிந்த தேங்காயைத் தலையில் வாங்கி உடைக்கும் வித்தை. கைதட்டலை அள்ளுவது அங்கேதான். அந்த உற்சாகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் மனம் மலுங்காவிடம் இருக்கிறது.

ஒரு வில், ஒரு தந்தி, ஒரு சுரைக்குடுக்கை. பிரேசிலின் பெரிம்பாவுக்கு நெருங்கிய உறவு. மெல்லிய குச்சியால் தட்டுகிறார்கள். எழுவது சில சுரங்கள்தான். ராகம் விரியும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். இங்கே விரிவது நாதத்தின் நிறம்: அதிர்வு ஒருமுறை கூர்மையாக, மறுமுறை மங்கலாக, தட்டுக்குத் தட்டு மாறிக்கொண்டே இருக்கும். ‘மாய் மிஸ்ரா’ என்னும் கிலுகிலுப்பை அதன் ஓரத்தில் மணல் தூவியதுபோல் சேரும். பிறகு முசிந்தோ என்னும் முழவு வரும், முகர்மான் வரும். மெல்ல மெல்லக் காலம் ஏறும். அந்த ஏற்றத்தைப் பொறுமையாகக் கேட்டவருக்குத்தான் கடைசி ஆட்டத்தின் வெறி புரியும். அது தனியாக வந்தால் வெறும் வேகம்.

தர்காவில் நேரத்துக்குக் கணக்கில்லை. கச்சேரியிலோ முதலில் வெட்டுப்படுவது இந்த நிதானப் பகுதிதான். மலுங்கா வாசிப்பவர்கள் மிகச் சிலரே இருக்கும்போது இது பெரிய இழப்பு. உட்கார்ந்து பாடும் தமாலும் சித்தி மக்களிடம் இருக்கிறது. கச்சேரியின் முதல் பாதியை முழுதாக அதற்கே கொடுத்து, தேங்காய் காத்திருக்கட்டும் என்று ஒரு சபாவாவது துணிய வேண்டும். உட்கார்ந்து கேட்கப் பழகிய நம் ஊர் ரசிகர்கள் அதை நிச்சயம் கேட்பார்கள்.