உலாவும் உழைப்பும்: வன்னிக் கிராமத்து ஓய்வு பற்றிச் சில குறிப்புகள்

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகக் கற்றவர்களின் மனத்தில் 'கிராமம்' என்ற சொல் எழுப்பும் காட்சிகளுள் ஒன்று, புல்வெளியூடாகச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் தனியே உலாவிச் செல்வதாகும். வேர்ட்ஸ்வேர்த்தின் கவிதைகளிலும் ஜேன் ஒஸ்ரினின் நாவல்களிலும் இவ்வுலாவுக்கு முக்கிய இடமுண்டு. நடப்பவர் எதனையும் சுமப்பவரல்லர். குறித்த நேரத்தில் எங்கும் போய்ச் சேரவேண்டியவருமல்லர். இக்காட்சியைக் கிராமிய வாழ்வின் இயல்பான அம்சமெனக் கொண்டு, அக்கண்ணாலேயே எமது கிராமிய எழுத்தையும் நோக்கும் பழக்கம் நம் விமரிசனத்திற் பலகாலம் இருந்துவந்துள்ளது. 'மண்வாசனை' என்ற சொல் பெற்ற செல்வாக்கு இதனோடு தொடர்புடையது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் அமைந்த உடையார்கட்டையும் அதன் அயலையும் மனங்கொண்டு, வன்னி பற்றிய எழுத்தை விளங்கிக்கொள்ள இப்பார்வை எத்துணை உதவும் என்பதை ஆராய்வதே இங்கு நோக்கம்.

முதலில் அவ்வுலாவின் வரலாற்றை நோக்குவோம். 1750க்கும் 1850க்கும் இடையில் ஆங்கிலப் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஏறத்தாழ 4000 வேலியடைப்புச் சட்டங்கள், கிராமத்தவர் மாடு மேய்த்து விறகு பொறுக்கிய பொதுநிலங்களைத் தனியுடைமையாக்கின. நிலத்தோடு உழைப்பாளிக்கிருந்த உறவு அறுந்த அதே காலத்திலேதான், நிலம் பார்த்து இரசிக்கும் 'காட்சி'யாக இலக்கியத்தில் உயர்ந்தது. உழைக்கும் நாட்டுப்புறம் நிலக்காட்சியாக அமைவதில்லை, பார்ப்பவர் உழைப்பினின்றும் விலகிநிற்கும்போதே நிலக்காட்சி பிறக்கிறது என்று றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட நூலில் வாதிட்டதன் சாரம் இதுவே. விவசாயத் தொழிலாளியாயிருந்த கவிஞர் ஜோன் கிளெயர் அடைக்கப்பட்ட பாதைகளுக்காகப் புலம்பினார். அவரினும் புகழ்பெற்ற வேர்ட்ஸ்வேர்த்தோ, 1844இல், தமது ஏரிப்பிரதேசத்துக்குப் புகையிரதம் வருவதை எதிர்த்தார். தொழில்நகரத்து மக்கள் கூட்டமாக வந்திறங்குவர் என்பது அவரது அச்சங்களுள் ஒன்று. அம்மக்களின் வாரிசுகள் 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் அத்துமீறி நடந்தனர். அதன் பேறாக ஐவர் சிறை சென்றனர். உலாவுதற்கும் உரிமைப்போர் வேண்டியிருந்தது.

வன்னியில் நிலை வேறு. இங்கு நடை என்பது பெரும்பாலும் தொழிலின் ஒரு பகுதி. மாடு தேடிப் போவது, தேனெடுக்கப் போவது, வேட்டைக்கும் காவலுக்கும் போவது எல்லாமே நடைதான். காட்டுப் பாதைகள் இத்தொழில்களாலேயே உண்டானவை. குளக்கட்டும் நீரைத் தேக்குவதற்காக எழுந்தது, அதன்மீது மாலையில் நடப்பது பின்னர் வந்த பயன். ஆயின் வேலியடைப்பு இங்கு நிகழவில்லை என்று கொள்ளலாகாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காடு யாவும், மறுதலையாக நிறுவப்படாதவிடத்து, முடிக்குரியதெனக் கொண்டது. வேலி நாட்டாமலே நடந்தேறிய அடைப்பு அது. அடங்காப்பற்றின் வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானையைத் திறையாகக் கொடுத்தனர். யானை பிடித்தல் பணிக்கரின் தொழிலாயிருந்தது. அத்தொழிலின் பெருமையும் அதனுள் மறைந்திருந்த பொறாமையும் 'வேலப்பணிக்கன் ஒப்பாரி'யில் ஒரு பெண்ணின் சாவாக உருக்கொண்டுள்ளன. சாமுவேல் பேக்கர் முதலிய ஆங்கிலேயர் இலங்கைக் காடுகளில் யானை சுட்டதோ வெறும் பொழுதுபோக்கு. 1850களில் அது நூலாகவும் வந்தது. 1937இன் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் பின் கிராமத்தவனின் வேட்டையிற் பெரும்பகுதி குற்றமாயிற்று. ஒரே காட்டில் ஒரே செயல், செய்பவரின் வர்க்கத்துக்கேற்ப விளையாட்டெனவும் குற்றமெனவும் பெயர் பெற்றமை இங்கு அவதானிக்கத்தக்கது.

ஓய்வு இம்மக்களுக்கு இல்லாதிருந்ததா? நிறையவே இருந்தது. ஆனால் உழைப்பினின்றும் பிரிந்த தனிநேரமாக அது இருக்கவில்லை. பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு ஆகியன வயலை அழிக்கும் பன்றியையும் குருவியையும் பொருளாகக் கொண்டவை. காவற்கொட்டிலின் நித்திரையற்ற இரவை அறிந்தவர்க்கே அவற்றின் நகைச்சுவை முற்றாகப் புரியும். அரிவிச்சிந்து வெட்டுபவரின் கைகளை ஒருமுகப்படுத்துகிறது. சூடு மிதிப்பில் எருதுகளைச் சுற்றிச்சுற்றி ஓட்டும் இரவுப்பொழுது வேலையா பொழுதுபோக்கா என்று கேட்டால், இரண்டையும் பிரித்தறியும் சொல் அவ்வாழ்க்கைக்குத் தேவைப்படவில்லை என்றே கூறவேண்டும். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்தபின் வருவது வைகாசி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலிருந்து மடைப்பண்டம் எடுத்துச் செல்வதும், உப்புநீரில் விளக்கெரிப்பதும், ஊர்கள்தோறுமிருந்து மக்கள் திரள்வதும் வன்னியின் மிகப்பெரிய கூட்டு நடை எனலாம். கோவலன் கூத்து இவ்வழிபாட்டுச் சூழலிற் செழித்தது. கதிர்காமப் பாதயாத்திரையும் வற்றாப்பளையூடாகவே தெற்கு நோக்கிச் செல்வது. இந்நடைகள் எதிலும் தனிமனிதன் நிலக்காட்சியைத் தேடுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. இவ்வாறு கூறுவதால் வன்னியில் வர்க்கமற்ற இனிய கூட்டுவாழ்வு நிலவிற்றெனக் கனவு காண்பது முற்போக்காளர்க்கு அழகன்று. நாட்டார் வழக்காற்றியலாளர் சிலர் இக்கனவிலிருந்து இன்னும் விழிக்கவில்லை. 'கட்டு' என்பதை அணைக்கட்டெனக் கொள்ளின், உடையார்கட்டு என்ற பெயரிலேயே ஒரு பதவியும் அதற்குரிய நீரதிகாரமும் உறைந்திருக்கின்றன. குடியேற்றத் திட்டங்களோடு யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தினர் காணியாளராயினர். 1958, 1977 வன்செயல்களின்பின் வந்து சேர்ந்த மலையகத் தமிழர் பெரும்பாலும் கூலிகளாயினர். 1970–77இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் பணமாகியபோது, அப்பணம் யாருடைய ஓய்வை வளர்த்தது? மாட்டுவண்டிச் சவாரி நல்ல சான்று. உழவுக்கு உழவுயந்திரம் வந்தபின்னரும் சவாரிமாடுகள் நிலைத்தன. வேலையிற் பிறந்த விளையாட்டு, வேலை மறைந்தபின் மாட்டை வளர்க்க வசதியுள்ளோரின் கௌரவமாயிற்று. கூலிக்காரன் திடலோரத்தில் நின்று பார்க்கிறான். செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977) வன்னியின் சுரண்டலைத் துணிந்து பேசிய நாவல்; எனினும் சுரண்டப்படுவோர் எவ்வாறு மகிழ்ந்தனர் என்பதில் அதற்கு அக்கறை குறைவு. இது நமது யதார்த்தவாத நாவல்கள் பலவற்றுக்கும் பொதுவான குறைபாடென்றே கருதுகிறேன்.

அவ்வகையில் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) தனித்து நிற்கிறது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட இந்நாவலைப் பலரும் காதற்கதையாகவும் மண்வாசனைப் படைப்பாகவுமே பாராட்டினர். அதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. கதிராமன் காட்டைத் தொழில்வழி அறிந்தவன். வெளியிலிருந்து பாடசாலைக்கு வரும் ஆசிரியர் சுந்தரலிங்கமோ நேரமும் புத்தகங்களும் உடையவர். பதஞ்சலி இவ்விருவருக்கும் இடையில் நிற்கிறாள். அவளுக்கு எழுத்தறிவு வந்து சேர்வதும் ஆசிரியரின் அந்த ஓய்வுநேரத்தின் வழியாகவே. ஒழுக்கப் பிரச்சினையாக வாசிக்கப்பட்ட முரண், உண்மையில் இருவகை நேரங்களுக்கிடையிலான முரணாகும். பாலமனோகரன் இதனைக் கோட்பாடாக அறிந்திருந்தாரோ தெரியாது, கலைஞனாக உணர்ந்திருந்தார். ஆயினும் காட்டை வருணிக்கும் சில பகுதிகளில் அவரது நடை ஆசிரியரின் கண்ணையே இரவல் வாங்குகிறது. கதிராமனின் காடு அவ்வளவு அழகாயிருந்திருக்க வேண்டியதில்லை.

1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும், தொடர்ந்து பெருந்தொகையினர் வன்னிக்கும் பெயர்ந்ததிலிருந்து, ஈழத்து எழுத்தில் நடையின் பொருள் மாறிற்று. நிலாந்தனின் 'மண் பட்டினங்கள்', 'வன்னி மான்மியம்' ஆகியவை இம்மாற்றத்தின் பின்புலத்திலேயே வைத்து வாசிக்கப்படவேண்டியவை. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துள் உடையார்கட்டுப் பகுதியும் சுதந்திரபுரமும் அடங்கின. வீதி நிறைய மக்கள் கிழக்கு நோக்கி நடந்தனர். அவ்வலயத்தினுள் எறிகணைகள் வீழ்ந்தமையை ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. போர் முடிந்தபின் அதே வீதியில் உல்லாசப் பயணிகள் பேருந்துகளில் வந்தனர். புதுக்குடியிருப்பு அயலில் வெற்றிச் சின்னத்தையும், 2013இல் தகர்க்கப்படும்வரை நிலக்கீழ்த் தங்குமிடத்தையும் பார்த்துச் சென்றனர். உழைப்பினின்றும் துயரினின்றும் பிரிக்கப்பட்ட 'நிலக்காட்சி' வன்னிக்கு வந்துசேர்ந்தது இவ்வழியிலேயே. வற்றாப்பளைக்கு அண்மையிலுள்ள கேப்பாப்பிலவில், படையினர் வசமிருந்த தம் காணிகளுக்குள் நடந்துபோகும் உரிமைக்காக 2017இல் மக்கள் வீதியோரத்தில் அமர்ந்திருந்தனர்.

தண்ணிமுறிப்பு மக்கள் 1984இலேயே வெளியேற்றப்பட்டனர். குருந்தூர்மலை அயலில் இப்போது வனத் திணைக்களமும் தொல்லியல் திணைக்களமும் நாட்டிய எல்லைக்கற்கள் உள்ளன. 'நிலக்கிளி'யை இன்று மாணவர்க்குப் பாடமாக்குவோர் வருணனைகளின் அழகைச் சுட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். கதிராமன் எப்பாதையால், எப்பருவத்தில், எதற்காக நடந்தான் என்ற விபரங்கள் அந்நாவலில் உள்ளன. அவற்றைத் தனியே தொகுத்துப் பார்க்கும் வேலை இன்னும் செய்யப்படவில்லை.