ஆறரை மணி வெயில்

பிறந்து இருபது நாளான குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். மொட்டை மாடியில் பாட்டி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நீட்டிய கால்களின் மேல் குழந்தை குப்புறக் கிடந்தது. முதுகில் தேங்காய் எண்ணெய் மினுங்கியது. மணி ஆறரை. “எலும்பு உரம் பிடிக்கணும்ல, தெனமும் இந்நேரத்துக்கு வெயில் காட்டிருவேன்” என்றார். வைட்டமின் டி என்ற பெயர் அவருக்குத் தெரியாது. வெயிலுக்கும் எலும்புக்கும் உள்ள உறவு தெரிந்திருந்தது.

தாய்மார்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று பேசுகிறவர்கள் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எலும்பு வளையும் ரிக்கட்ஸ் நோய் புறஊதா விளக்கொளியில் குணமாவதை பெர்லின் மருத்துவர் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி 1919-ல்தான் காட்டினார். நம் பாட்டிமார் வெயிலின் அருமையை அறிய அந்தச் செய்திக்காகக் காத்திருக்கவில்லை. துணியில்லாமல் உடம்பில் வெயில் பட வேண்டும் என்பதும் சரியான அறிவுதான்.

பிழை நேரத்தில் இருக்கிறது. தோலில் வைட்டமின் டி உருவாக்குவது புறஊதா பி கதிர். அதிகாலையில் சூரியன் சாய்வாக இருக்கும்போது அந்தக் கதிரில் பெரும்பகுதியைக் காற்று மண்டலமே வடிகட்டிவிடுகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாகும் வேளையில்தான் அது போதுமான அளவில் வருகிறது. ஆறரை மணிக்கு நிழல் மாடியின் மறுகோடி வரை நீள்கிறது. அதற்காகப் பச்சிளம் குழந்தையைப் பதினோரு மணி வெயிலில் கிடத்தவும் முடியாது. அந்தத் தோல் தாங்காது. ஆக, கைக்குழந்தைக்கு வெயிலை மட்டும் நம்பியிருக்கும் வழக்கம் இங்கேயே இடறுகிறது.

அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடி ஜன்னலோரம் குழந்தையைப் போட்டு, வெயில் காட்டியாயிற்று என்று நிம்மதி அடைகிறார்கள். இந்தப் பழக்கத்தில், பச்சிளம் குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு வெயில் காட்டச் சொன்ன நினைவும் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. காமாலைக்கு வேலை செய்வது நீல ஒளி; அது கண்ணாடியைத் தாண்டி வரும். புறஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். “வெயில் காட்டுங்கம்மா” என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினால், எதற்காக, எப்படி என்று தாய்க்கு எங்கிருந்து தெரியும்? இதில் குற்றம் சொன்னவர்களுடையது, கேட்டவளுடையது அல்ல.

தாய்ப்பாலிலேயே எல்லாம் இருக்கிறது என்ற நம்பிக்கையையும் தொட்டாக வேண்டும். தாய்ப்பாலுக்கு ஈடில்லை, அதை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஒரு லிட்டர் தாய்ப்பாலில் வைட்டமின் டி பெரும்பாலும் 80 யூனிட்டுக்கும் குறைவு. குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400 யூனிட். தாய்க்கே குறைபாடு இருந்தால் பிறக்கும்போதே குழந்தையின் இருப்பும் குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் முதல் ஆண்டு முழுவதும் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள்.

சொட்டு மருந்திலும் ஓர் ஆபத்து உண்டு. 1 மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் கடையில் இருக்கிறது, 800 யூனிட் உள்ள பாட்டிலும் இருக்கிறது. பிராண்டு மாறும்போது அளவும் மாற வேண்டும். பெரியவர்களுக்கு வாரம் ஒன்றாகத் தரும் 60,000 யூனிட் மருந்தைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுப்பது இன்னும் மோசம்; ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், இந்தியாவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 14 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைபாடு இருந்தது. மணிக்கட்டு பருப்பது, கால் வளைவது, உச்சிக்குழி மூடத் தாமதமாவது, சில கைக்குழந்தைகளுக்குத் திடீரென வலிப்பு வருவது: இவ்வளவுக்கும் பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

துருக்கி 2005-ல் குழந்தைகளுக்கு வைட்டமின் டி சொட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அந்நாட்டின் எர்சுரும் பகுதியில் 1998-ல் நூறு குழந்தைகளில் ஆறு பேருக்கு இருந்த ரிக்கட்ஸ், 2008-ல் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. நம் ஊரில் வைட்டமின் ஏ திரவம் அரசுச் செலவில் குழந்தையின் வாய்க்குப் போகிறது. வைட்டமின் டி சொட்டு மருந்தையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அதுவரை, கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போகிறவர்கள் பாட்டியின் வெயிலைக் குறை சொல்லாமல், “சொட்டு மருந்து கொடுக்கிறீங்களா, பாட்டிலில் ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட் போட்டிருக்கு?” என்று மட்டும் கேளுங்கள்.