மண் மாதிரி கெடுவது எப்படி? ஒரு பழைய நூலைப் பற்றி

பெரிய கட்டடத்துக்கு அடித்தளம் இடுமுன் தரையைத் துளைத்து, மண்ணை எடுத்து ஆராய்வர். எடுத்த மண் ஆய்வுக்கூடம் சேரும்வரை அதே மண்ணாக இருக்கிறதா? இக்கேள்வியை விரிவாக ஆராய்ந்த நூல்களில் தலையாயது ஹ்வோர்ஸ்லெவ் என்ற பொறியியலறிஞர் எழுதியது. 1949-இல் அமெரிக்காவின் விக்ஸ்பர்க் நகரிலுள்ள நீர்வழி ஆய்வு நிலையம் அதனை வெளியிட்டது.

நூலின் சிறப்பு அதன் தெளிவான பகுப்பு. மாதிரி கெடும் வழிகள் ஐந்து என்கிறார் ஆசிரியர்: தகைவு மாறுதல், ஈரமும் வெற்றிடமும் மாறுதல், மண்ணின் அமைப்புக் குலைதல், வேதி மாறுதல், கூறுகள் கலத்தலும் பிரிதலும். இவற்றுள் முதலாவதை முற்றிலும் தடுக்க எவராலும் இயலாது. மேலே வந்ததும் ஆழத்தின் பாரம் நீங்குகிறது; களிமண் விரிய முயல்கிறது. துகள்களுக்கிடையே உள்ள நீர் இழுவிசைக்கு உட்பட்டு அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆய்வில் அளக்கும் வலிமை பெரிதும் இந்த நீரைப் பொறுத்ததே.

ஆகவே குழாயின் இரு முனைகளையும் மெழுகிட்டு மூடுவது சில்லறை வேலையன்று. ஒரு கட்டுமான இடத்தில் மாதிரிக் குழாய்கள் மூடியின்றி வெயிலில் கிடந்ததை நான் கண்டதுண்டு. “மண்தானே சார், காய்ந்தால் என்ன?” என்றார் அங்கிருந்தவர். காய்ந்தால் இழுவிசை கூடும். களிமண் உள்ளதைவிட வலியதாகத் தோன்றும். அந்த எண்ணை நம்பி அடித்தளத்தைச் சுருக்கினால் என்ன ஆகும்? பிழை ஆபத்தான பக்கமே சாய்கிறது.

நூல் தரும் எளிய அளவுகோல் ஒன்றை மாணவர்களும் கணக்கிடலாம். குழாய்ச் சுவர் விலக்கும் பரப்பை, உள்ளே வரும் மண்ணின் பரப்பால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. வெளி விட்டம் 76.2 மி.மீ., சுவர்த் தடிப்பு 1.65 மி.மீ. உள்ள குழாய்க்கு இது சுமார் 9 விழுக்காடு. அடித்து இறக்கும் தடித்த பிளவுக் குழாய்க்கோ (50.8, 34.9 மி.மீ.) சுமார் 112! அதில் வரும் மண் இன்ன வகை என்று அறிய உதவும். வலிமையை அளக்க உதவாது.

குறைகளும் உண்டு. உராய்வைக் குறைக்கக் குழாயின் வாயைச் சற்றே குறுக்கலாம் என்ற அறிவுரை மென்களிமண்ணுக்குப் பொருந்தவில்லை. அந்த இடைவெளியில் மண் விரிந்து கெடுகிறது. 1981-இல் கனடாவின் லவால் பல்கலைக்கழக ஆய்வாளர் விவரித்த கருவியில் அந்த இடைவெளியே இல்லை. நூல் பெயரளவில் சுட்டிய வேதி மாறுதலையும் பின்வந்தோரே விளக்கினர். சேமித்து வைத்த சிலவகைக் களிமண் ஆக்சிஜனேற்றத்தால் தன் இயல்பையே மாற்றிக்கொள்கிறது என 1985-இல் லெஸ்ஸார்டும் மிட்செலும் காட்டினர்.

என் பெரிய மனக்குறை வேறு. நூல் பொறியாளரை நோக்கிப் பேசுகிறது; குழாயோ தொழிலாளியின் கையில் இருக்கிறது. நிழலில் வை, குலுக்காதே, மேல் முனை எதுவென்று குறி, விரைவில் அனுப்பு. இவற்றைக் காரணத்தோடு சொல்லும் சிறு கையேடு அவர் மொழியில் அவர் கையில் இருக்க வேண்டும். காரணம் அறிந்தவர் குழாயை வெயிலில் போடமாட்டார்.