மலைக்குள் ஒரு கிணறு

மல்லசமுத்திரத்துக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் அது கீழே இருப்பது. ஊர்ப் பெயரிலேயே சமுத்திரம் உண்டு; என்றாலும் பருத்திக்கும் கடலைக்கும் கிணற்றை எட்டி எட்டிப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். படி இறங்க இறங்க வெயில் மங்கி, கல்லின் குளிர்ச்சி பாதத்தில் ஏறும் சுகம் எங்களுக்குப் பழக்கம். கொல்லிமலையின் ஆகாய கங்கை என் மனத்தை அள்ளியது அதனால்தான். அந்த அருவியைக் காணவும் இறங்கத்தான் வேண்டும்.

ராசிபுரம், சேந்தமங்கலம், காரவள்ளி, 70 கொண்டை ஊசி வளைவுகள், செம்மேடு, மிளகுக்கொடி தழுவிய மரங்கள், பிறகு அறப்பளீஸ்வரர் கோயில். கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எத்தனை அடக்கம்! பொரி தூவினால் கொத்துக் கொத்தாகத் திரளும் மீன்களை இறைவனின் வடிவமாகவே எண்ணுகிறார்கள் இங்கே. இந்தச் சாதுவான நீரா இன்னும் சற்று நேரத்தில் 300 அடி கீழே பாயப் போகிறது?

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அவசரப்படாமல் இறங்குங்கள், இந்த இறக்கமே ஒரு அழகு. ஒரு திருப்பத்தில் அருவியின் ஓசை காதோரம் வரும், அடுத்த திருப்பத்தில் பாறை அதை மறைத்துக்கொள்ளும். மறுபடி கேட்கும்போது இன்னும் கனத்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே ஈரக்காற்று முகத்தைத் தடவிவிடும்.

கடைசிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். சுற்றிலும் செங்குத்தாக எழுந்த கரும்பாறைச் சுவர்கள், இடுக்குகளில் பசும்பாசி, உச்சியில் மரங்கள் விளிம்பு கட்டிய ஒரு துண்டு வானம். எங்கள் தோட்டத்துக் கிணற்றின் அடியிலிருந்து பார்த்த அதே வானம்!

இங்கே நின்றால்தான் பெயரின் நயம் புரிகிறது. மேலே கோயில் தெரியவில்லை, ஆறு தெரியவில்லை, மீன்கள் தெரியவில்லை. வானத்தின் ஓரத்தில் பிறந்ததுபோல் வெண்ணீர் நேரே இறங்குகிறது. பெயர் வைத்தவர் இந்தப் பாறையில்தான் நின்றிருக்க வேண்டும்.

நீரின் ஒரே ஒரு கற்றையைக் கண்ணால் பற்றிக்கொண்டு கீழே வாருங்கள். உச்சியில் அது பளிங்கு. பாதி வழியில் பஞ்சு, நன்றாக வெடித்த எங்கள் ஊர்ப் பருத்தி. அடியில் பாறை மேல் பட்டதும் வெறும் புகை. அந்தப் புகையில் வெயில் சாய்ந்து விழுந்தபோது ஒரு சிறு வானவில் எழுந்தது, காற்று திரும்பியதும் கலைந்தது, மீண்டும் எழுந்தது. எத்தனை முறை பார்த்தேனோ!

இத்தனை ஆர்ப்பரித்த நீர், பத்தடி தள்ளி, கூழாங்கற்களுக்கு நடுவே பழைய அடக்கத்தோடு புளியஞ்சோலைக்கு வழி கேட்டுப் போகிறது. அப்பால் அதற்குக் காவிரி. எனக்கு ஆயிரம் படி ஏற்றம். கைப்பிடிக் கம்பியில் முத்து முத்தாகத் திவலைகள் கோத்திருந்தன. அவற்றை உதிர்க்க மனம் வராமல், சுவரோரமாகவே ஏறினேன்.