குகையிலிருந்து உயிரோடு வந்த தளபதி: ஜோசிஃபஸை எப்படிப் படிப்பது?

கம்ப்யூட்டர் புரோகிராமிங் படித்தவர்களுக்கு ‘ஜோசிஃபஸ் கணக்கு’ தெரிந்திருக்கும். 41 பேர் வட்டமாக நிற்கிறார்கள். மூன்றாவது ஆள், மூன்றாவது ஆள் என்று வெட்டிக்கொண்டே போனால் எந்த இடத்தில் நிற்பவன் தப்பிப்பான்? விடை 31. இன்டர்வியூவுக்காக நானும் இதை மனப்பாடம் செய்தவன்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நிஜமான ராணுவத் தளபதி இருந்தார், அவர் பெரிய வரலாற்றாசிரியர் என்பதெல்லாம் ரொம்பப் பின்னாடிதான் தெரிந்தது.

ஜோசிஃபஸ் கி.பி. 37-இல் ஜெருசலேமில் ஒரு குருமார் குடும்பத்தில் பிறந்தவர். 66-இல் ரோமுக்கு எதிராக யூதர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அடக்க வந்த சிரியா ஆளுநர் செஸ்டியஸ் காலஸ் தோற்றுத் திரும்பினார். அடுத்து ரோமப் படை வடக்கிலிருந்துதான் வரும். அந்த வடக்கு, கலிலேயா, முப்பது வயதுகூட ஆகாத ஜோசிஃபஸ் பொறுப்பில் விடப்பட்டது. போர் அனுபவம் இருந்ததாகத் தெரியவில்லை.

67 கோடையில் வெஸ்பாசியனின் படை யோடபட்டா என்ற மலை ஊரை முற்றுகையிட்டது. 47 நாள் தாக்குப்பிடித்து ஊர் விழுந்தது. ஜோசிஃபஸ் ஒரு குகையில் ஒளிந்தார். அங்கே ஏற்கெனவே 40 பேர் இருந்தார்கள். சரணடைந்தால் உயிர் தருகிறோம் என்று ரோமர்கள் ஆள் அனுப்ப, இவர் போகத் தயார். கூட இருந்தவர்களோ, ‘நீ சரணடைந்தால் நாங்களே கொல்வோம்’ என்று வாளை உருவினார்கள். தற்கொலை கடவுளுக்கு எதிரான பாவம் என்று இவர் நீளமாகப் பேசிப் பார்த்தார். எடுபடவில்லை. சரி, சீட்டுப் போட்டு ஒருவரை ஒருவர் கொல்வோம் என்றார். கடைசியில் மிஞ்சியது இருவர். அதில் ஒருவர் ஜோசிஃபஸ். அந்த இன்னொருவரையும் பேசிச் சம்மதிக்க வைத்து வெளியே வந்துவிட்டார்.

வட்டமாக நிற்பதும் மூன்று மூன்றாக எண்ணுவதும் அவர் நூலில் கிடையாது. சீட்டு மட்டும்தான். எல்லாம் தற்செயலோ கடவுள் செயலோ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். பழைய ஸ்லாவிய மொழிபெயர்ப்பு ஒன்றுதான், ஆள் தந்திரமாக எண்ணி மற்றவர்களை ஏமாற்றினார் என்று போட்டு உடைக்கிறது. படிப்பவர்களுக்குச் சந்தேகம் அந்தக் காலத்திலேயே வந்திருக்கிறது!

பிடிபட்டதும், ‘நீர் பேரரசர் ஆவீர்’ என்று வெஸ்பாசியனுக்குக் குறி சொன்னார். 69-இல் அது பலிக்க, சங்கிலி வெட்டப்பட்டது. 70-இல் டைட்டஸ் ஜெருசலேமை முற்றுகையிட்டபோது, மதிலுக்கு வெளியே நின்று சரணடையச் சொல்லித் தன் சொந்த ஊர்க்காரர்களிடம் கத்தினார். ஒருமுறை கல்லடியும் பட்டார். பிறகு ரோமக் குடியுரிமை, உதவித்தொகை, வெஸ்பாசியன் முன்பு குடியிருந்த வீடு, ஃபிளேவியஸ் என்ற அரச குடும்பப் பெயர். அந்த வீட்டில் உட்கார்ந்துதான் ‘யூதப் போர்’ நூலை எழுதினார்.

இவரைப் பற்றிப் பேசுபவர்கள் பொதுவாக இரண்டு கட்சி. துரோகி எழுதியது, தள்ளு என்பது ஒன்று. நேரில் பார்த்தவர், அவர் சொன்னால் சரி என்பது மற்றது. நான் ரொம்ப நாள் முதல் கட்சியில் இருந்தேன். இப்போது இரண்டுமே சோம்பேறித்தனமாகப் படுகிறது. ஒரே ஆள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பொய் சொல்வதில்லை. எங்கே அவருக்கு என்ன லாபம் என்று பக்கம் பக்கமாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அவருடைய பதவியையே எடுத்துக்கொள்வோம். ‘யூதப் போர்’ நூலில் அவர் முழுத் தளபதி. ஊர்களுக்கு மதில் கட்டுகிறார், ஒரு லட்சம் இளைஞர்களைத் திரட்டுகிறார். சுமார் இருபது வருடம் கழித்து எழுதிய ‘வாழ்க்கை’ நூலில், ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லிப் பேச அனுப்பப்பட்ட மூன்று குருமார்களில் ஒருவராகச் சுருங்கிவிடுகிறார். ஏன் இந்த மாற்றம்? திபேரியா ஊர்க்காரர் ஜஸ்டஸ் போட்டியாக ஒரு வரலாறு எழுதி, எங்கள் ஊரைக் கலகத்தில் இழுத்துவிட்டதே இவர்தான் என்று குற்றம் சாட்டியிருந்தார். ரோமில் வாழ்பவருக்கு அது ஆபத்தான குற்றச்சாட்டு. முதல் நூலில் வெஸ்பாசியன் வென்ற எதிரி பெரிய ஆளாக இருக்க வேண்டும். இரண்டாவதில் அவர் எதிரியாகவே இருந்திருக்கக் கூடாது. ஜஸ்டஸின் நூல் அழிந்துபோனதால் ஒரு தரப்பு வாதம் மட்டும்தான் நமக்கு மிச்சம்.

ஆலயம் எரிந்த கதையிலும் இதே ஜாக்கிரதை தேவை. டைட்டஸ் காப்பாற்ற நினைத்தார், யாரோ ஒரு சிப்பாய் தீ வைத்துவிட்டான் என்கிறார் ஜோசிஃபஸ். பிற்காலத்து சல்பிசியஸ் செவெரஸ், இடிக்க முடிவெடுத்ததே டைட்டஸ்தான் என்று எழுதுகிறார். டைட்டஸ் தந்த வசதியில் வாழ்ந்தவர் சொன்னதை நான் அப்படியே ஏற்க மாட்டேன்.

ஆனால் மண் அவருக்குச் சாட்சி சொல்கிற இடங்களும் இருக்கின்றன. 1990-களில் யோடபட்டாவைத் தோண்டியபோது அவசரமாகக் கட்டிய மதில், எறிகற்கள், அம்பு முனைகள், மனித எலும்புகள் எல்லாம் கிடைத்தன. முற்றுகை நடந்தது உண்மை. மசாடா மலையைச் சுற்றி ரோமர்கள் போட்ட முகாம்களும், மேலேற அமைத்த சரிவும் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. அங்கே 960 பேர் ஒருவரையொருவர் கொன்று மாண்டார்கள் என்கிறார். 1963-65-இல் தோண்டிய யிகேல் யாடினும் முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதிதான். பெயர் எழுதிய பானை ஓடுகள் சில கிடைக்க, அவைதான் கடைசிச் சீட்டுகள் என்று அவர் நம்பினார். மற்ற ஆய்வாளர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. கிடைத்த எலும்புகளோ முப்பது பேர் அளவுக்குக்கூட இல்லை. தளபதி எழுதியதைத் தளபதி தோண்டினால் வீரக்கதைதான் முதலில் கண்ணில் படும் போல.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. மசாடாவில் தலைவர் எலெயாசார் ‘அடிமையாவதைவிடச் சாவோம்’ என்ற கருத்தில் பேசும் நெடிய உரை நூலில் இருக்கிறது. அதை எழுதியது ஜோசிஃபஸ். அங்கே அவர் இல்லை. தப்பியவர்கள் இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும்தான். அவ்வளவு அலங்காரமான பேச்சு அப்படியே அவர் காதுக்கு வந்திருக்க வழியில்லை. யோடபட்டா குகையில் அவர் பேசிய உரைக்கு நேர் எதிரான உரை இது. அங்கே தோற்றுப்போன அந்த 39 பேரின் வாதத்தை, இங்கே தன் கையாலேயே அவர்கள் தரப்பில் நின்று எழுதியிருக்கிறார். குற்ற உணர்வா, கிரேக்க இலக்கிய மரபா? இரண்டும் இருக்கலாம். வெறும் துரோகியாக மட்டும் இருந்தால் அந்த உரையை இவ்வளவு வலுவாக எழுத வேண்டிய அவசியமே இல்லை.

படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை: ‘யூதப் போர்’ மூன்றாம் புத்தகத்தில் குகைக் காட்சி, உடனே ஏழாம் புத்தகத்தில் மசாடா. பிறகு ‘வாழ்க்கை’. இந்த வரிசையில் போனால் ஆள் எங்கே மழுப்புகிறார் என்று நமக்கே பிடிபட்டுவிடும். அந்தக் குகையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.